படகு கனத்தில் ஒரு கார் கதவு

கார் கதவுக்குள் என்ன இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. காரில் ஏறினால் எனக்கு வாந்தி வரும், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். அன்று என் மகள் உள்பக்க அட்டையைக் கழற்றியதும் பார்த்தால் வெறும் தகரம், நடுவே ஓட்டை. இதற்கா இவ்வளவு பவிசு என்று சிரித்துவிட்டேன்.

என் மகள் உடைந்த ஃபைபர் படகுகளை ஒட்டிச் சரிசெய்கிறவள். மருமகன் இறந்த பிறகு அவர் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையேறும், வேலை இருக்கும். படகுகள் கடலுக்குப் போய்விட்டால் எங்களை யாரும் தேடமாட்டார்கள். இந்த முறை, "உப்பளத்துக்குப் போறேம்மா" என்றாள். அங்கே உப்பு வாரிய நாளில் என் பாதத்தில் விழுந்த வெடிப்பு இன்னும் மூடவில்லை. அவள் காலும் அப்படி ஆவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் கீழ்புத்துப்பட்டிலிருந்து ஒரு வாடகைக் கார் டிரைவர் வந்தார். காரின் உள் அட்டைகள் உப்புக்காற்றில் ஊறி உதிர்ந்திருந்தன. பழைய வண்டி, அதற்குப் புது அட்டை கடையில் கிடைக்கவில்லையாம்.

"ஃபைபர்ல ஒரு கதவுக்குப் பண்ணிக் குடுங்கக்கா. நல்லா வந்தா மிச்ச கதவையும் தரேன். ஸ்டாண்டு வண்டிங்களையும் அனுப்புறேன்."

உடைந்த அட்டையை ஒட்டி, மெழுகு தேய்த்து, அதன்மேல் அச்சு எடுத்தாள். மெழுகு தேய்த்தது நான். ஃபைபரை இறுக்கும் ரெசின் பசையின் நாற்றம் தொண்டையில் ஏறிவிட்டால் குடிக்கிற டீயும் ரெசின்தான். பிறகு அச்சுக்குள் ஃபைபர் மேட் என்கிற நார்விரிப்பைப் பரப்பி ரெசின் பூசினாள்.

"போதுமாம்மா?"

"இன்னொண்ணு போடுடி. அலை அடிச்சா தாங்க வேணாமா?"

"காருக்குள்ள ஏதும்மா அலை?"

சிரித்தாள், ஆனால் போட்டாள். அதன்மேல் இன்னொன்றும் போட்டாள். ஃபைபர் மெலிந்தால் ஆள் வீடு திரும்பமாட்டான் என்றே பழகிய கை எங்களுடையது.

டிரைவர் வந்து பொருத்திப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. பலகை கனத்துப்போனதில் கதவுதான் மூடவில்லை. கண்ணாடி சுற்றும் கைப்பிடியையும் மாட்ட முடியவில்லை, அதன் தண்டு பலகைக்குள்ளேயே புதைந்துபோயிருந்தது.

"ஆயா, இதைப் போட்டுக்கிட்டு நான் கடலுக்கே போய்ட்டு வந்துடலாம். ரோட்டுக்குத்தான் ஆவாது" என்றார். அப்புறம் மகளிடம் மெதுவாக, "பாண்டில ஒரு கடை சொன்னாங்கக்கா. அங்க காட்டிக்கிறேன்."

மகள் பலகையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். நான்தான், "நாளைக்கு ஒருவாட்டி வந்து பாரு தம்பி. அப்பறம் எங்க வேணா போ" என்றேன்.

அவர் போனதும் பலகையைக் கவிழ்த்து, நான் அழுத்திப் பிடிக்க, மகள் பின்பக்கத்தைக் கனம் குறையும்வரை கை கிரைண்டரில் தேய்த்தாள். அதிகமாகப் போட்டதையெல்லாம் தூளாக்கினோம். ஃபைபர் தூள் தோலில் பட்டால் சொறியச் சொறிய உள்ளே போகும். தேங்காயெண்ணெய் தடவியும் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. கிரைண்டர் நின்ற பிறகும் என் கை அதிர்ந்துகொண்டே இருந்தது. சோறு பிசைய விரல் மடங்கவில்லை.

மறுநாள் டிரைவர் பலகையைப் பொருத்திக் கதவைச் சாத்தினார். மூடியது. திறந்து மறுபடி சாத்தினார். கைப்பிடியை மாட்டிச் சுற்றினார், கண்ணாடி இறங்கியது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மிச்ச கதவையும் கழட்டிடவாக்கா?"

மகள் என் கையைப் பார்த்தாள். என்னைக் கேட்காமல் சரி சொல்ல அவளுக்கு மனசில்லை. எனக்கோ தோள்பட்டைக்கு மேல் கை எழவில்லை.

"கழட்டு தம்பி" என்றேன்.