பரீட்சைக்கு வளர்த்த முடி

தலைமுடியை நம்பி டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள் நான். திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, முடி கொட்டாமல் இருக்க என்ன எண்ணெய் தேய்க்கலாம் என்று கேட்பார்கள். எண்ணெயெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான்: முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளர்கிறது. வளரும்போது, மனம் பதறினால் உடம்பில் ஊறும் ஹார்மோனையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது. பரீட்சைக் காலத்தில் ஒரு பையன் எவ்வளவு பயந்தான் என்பதை அவன் வாய் சொல்லாது, பிடரி முடி சொல்லிவிடும். அந்தப் பயம் மூளையில் ஞாபகத்துக்கு உரிய நரம்பு செல்களை என்ன செய்கிறது, விழுந்து விழுந்து படித்தது ஏன் மறந்துபோகிறது என்பதுதான் என் ஆய்வு.

பாலசமுத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ பையன்களைச் சேர்த்திருந்தேன். மாதாமாதம் ஞாபகத் தேர்வு வைப்பேன். நிபந்தனை ஒன்றுதான்: பொதுத்தேர்வு முடியும்வரை முடி வெட்டக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவன் பிடரியிலிருந்தும் தோலை ஒட்டி ஒரு கற்றை எடுத்துக்கொள்வேன். ஆனால் ஒட்ட வெட்டாத தலையைக் கண்டால் தலைமையாசிரியருக்கு ஆகாது. மூளையின் படத்தையெல்லாம் காட்டிக் கெஞ்சியும் அவர் அசைந்து கொடுக்கவில்லை. அடுத்த வாரம் போனால், வளர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். என் அறிவியல்தான் அவரை ஜெயித்தது என்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். எனக்கு அப்படி ஒரு நினைப்பு.

கால நீட்டிப்பெல்லாம் வாங்கித் தீர்த்தாயிற்று. இந்தக் கோடைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று நெறியாளர் போனில் சொன்னபோது, நான் அந்தப் பள்ளி வராந்தாவில் நின்றிருந்தேன். அங்கேயே அழுதுவிட்டேன். பையன்கள் பார்த்தார்கள். வீட்டிலோ அம்மா, மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, இந்தத் தடவையாவது முடிந்துவிடுமா என்று கேட்பார். முடியும் என்பேன். எனக்கு இதைத் தவிர வேறு ஒன்றும் செய்யத் தெரியாது. இதுவும் போனால் என்ன ஆவேன்?

கடைசித் தேர்வு முடிந்து இரண்டொரு நாள் கழித்து, கத்தரிக்கோலும் அலுமினியத் தாளும் உறைகளும் எடுத்துக்கொண்டு போனேன். பள்ளி மரத்தடியில் பையன்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். அத்தனை தலையும் மொட்டை. பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. எல்லா முகத்திலும் சிரிப்பு. நான் சைக்கிள் ஸ்டாண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"முடி வளத்துனதும் எல்லாரும் பழனிக்கான்னு கேட்டாங்க மிஸ். ஆமான்னு சொல்லிப்போட்டோம். ஹெச்.எம். சாரும் அதுக்குத்தானுங்க உட்டாரு" என்றான் உயரமான ஒருவன். சாமிக்கு என்று வாயால் சொன்ன முடியைக் கொடுக்காமல் இருக்கலாமா என்று வீடுகளில் பிடித்துக்கொண்டார்களாம். "எங்க பரீச்சைக்கும் உங்க பட்டத்துக்கும் சேத்துத்தானுங்க வேண்டிக்கிட்டோம்."

என் தேவையையும் அவர்கள் மறந்துவிடவில்லை. உங்களுக்கு வேண்டியது முடிதானே என்று ஒரு பாலிதீன் பையை நீட்டினான். மொட்டையடித்துவிட்டவர்களிடம் கெஞ்சி ஆளுக்கு ஒரு பிடி வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். எது யாருடையது, எந்த நுனி தோல் பக்கம், எது எந்த மாதத்தில் வளர்ந்தது, ஒன்றும் தெரியாது. அவர்களைத் திட்டித் தீர்க்க வேண்டும்போல வெறி வந்தது. "ரொம்ப நன்றிப்பா" என்றுதான் சொல்ல முடிந்தது.

அந்தப் பையை மேசையில் கொட்டி, தடிமனை வைத்தாவது பிரித்துவிடலாம் என்று மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்க வலிக்கப் பார்த்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று நெறியாளர் கேட்டார். பிடித்துத்தான் இருந்தது. பரீட்சைப் பயத்தை மறுபடி வளர்த்துத் தரச் சொல்லி யாரிடம் கேட்பது? கோடை போவதற்குள் பதிவு ரத்தாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. காலையில் குளித்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, ஆய்வுக்குப் போகிறவள் மாதிரி பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்படி இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது அந்த உயரமான பையனின் போன் வந்தது. எல்லாரும் பாஸ், தானும் காலேஜில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குங்க மிஸ்?" என்றான்.

வேண்டுதலில் பாதி பலிக்கவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "எனக்கும் கெடச்சிருச்சுப்பா" என்றேன்.

திரும்பினால் அடுப்படி நிலையில் அம்மா. ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லை, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார்.