பார்த்தவர் கையெழுத்து

பிரஷ்ஷை வாயில் அதக்கிக்கொண்டே பிரவீனா லேப்டாப் திரையைச் சுட்டுவிரலால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. கம்பெனியில் அவளிடம் சோதனைக்கு டிரே டிரேயாக வரும் பித்தளை வளையங்களையும் இப்படித்தான், முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் எண்ணுவாள். இரண்டும் ஒத்துவந்த பிறகுதான் வாய் கொப்பளிக்கப் போவாள்.

திரையில் தெரிவது அவள் வீட்டுச் சமையலறைச் சுவரின் உட்புறம். மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்த ஓட்டையை உள்ளே பலகை வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே தகடு உடைந்திருந்தது. அந்தச் சந்து வழியாக ஒரு ஜோடி குண்டுக்கரிச்சான் நுழைந்து கூடு கட்டிவிட்டது. பறவைகள் இரண்டும் வெளியே போயிருந்த ஒரு மத்தியானத்தில், பலகையில் விரல் நுழையுமளவு துளையிட்டுப் பழைய வைஃபை வெப்கேமைப் பொருத்தினாள் பிரவீனா. இப்போது கூட்டில் மூன்று குஞ்சுகள். ஆண் பறவைக்குக் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, எந்நேரமும் தூக்கிய வால். அதற்கு அவள் வைத்த பெயர் ‘சூப்பர்வைசர்’.

அக்கா பேச்சியம்மாள் எட்டாம் வகுப்போடு நின்றவள். ரோஜா ஷெட்டில் பூக்களைக் கட்டும் வேலை அவளுக்கு; கட்டுக்கு இருபது பூ, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அங்கே அவள் வாயில் வருவதெல்லாம் தங்கை பெருமைதான். ஒருமுறை, பார்க்காத பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போடச் சொன்ன மேலதிகாரியிடம், “நான் பார்க்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் சார்” என்று பிரவீனா சொல்லிவிட்டாளாம். அத்தனை பெட்டியையும் பிரித்து அவள் பார்த்து முடிக்கும்வரை லாரி ஒன்றரை மணி நேரம் நின்றது. பேச்சியம்மாள் சொல்லும்போது அது இரண்டு மணி நேரமாகிவிடும்.

வீட்டுக்கார ஜெயம்மாவுக்குக் கன்னடம்தான் வீட்டுமொழி. அந்தச் சந்து வழியாக எலி வருகிறது, அதைப் பூசி அடைக்க வேண்டும் என்று வரும் வியாழக்கிழமையே மேஸ்திரியை வரச் சொல்லியிருந்தார். பிரவீனா பதறிப்போய் அவர் வாசலில் நின்றாள்.

“ஆன்ட்டி, ஒரு பத்து நாள் பொறுங்க. மூணும் மொட்டையா கெடக்கு. றெக்கை முளைச்சா தானா போயிரும்.”

“இன்னும் மொட்டெயா? அது எப்போ பொரிஞ்சு, எப்போ பறக்கறது? அதுக்குள்ள எலி என் அரிசி மூட்டைய காலி பண்ணிடும். ஆகாதம்மா.”

“பொரிஞ்சாச்சு ஆன்ட்டி! மொட்டையாத்தான் இருக்கு!”

“பொரிஞ்சா எப்படிம்மா மொட்டெ இருக்கும்? என்னை என்ன லூசுன்னு நினைச்சியா?”

பின்னால் நின்ற பேச்சியம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ரோஜா ஷெட்டில் பாதிப் பேச்சு கன்னடம். “ஏட்டி, கன்னடத்துல மொட்டென்னா முட்டைட்டி! நீ முடி இல்லேங்கே, அவுக முட்டைங்காக!”

பிரவீனா ஓடிப்போய் லேப்டாப்பைத் தூக்கிவந்தாள். திரையில் மூன்று வாய்கள் மட்டும் ஆகாசத்தைப் பார்த்துத் திறந்திருந்தன. கீழே ஒரு பொட்டு இறகில்லை. ஜெயம்மா குனிந்து பார்த்தார். “அய்யோ, மொட்டையேதான்!” என்றார் சுத்தமான தமிழில். பத்து நாள் கொடுத்தார். “பதினொண்ணாவது நாள் சிமெண்ட்டு, ஆமா.”

அன்றே பிரவீனா ஒரு மஞ்சள் அட்டையை வெட்டி, ‘ஹோல்ட்’ என்று எழுதி, பின்புறம் ‘பார்த்தவர்’ என்று கையெழுத்துக்கு இடம் விட்டு, வெளிச்சுவரில் ஓட்டைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். கம்பெனியில் மஞ்சள் டேக் தொங்கும் சரக்கை யாரும் தொடக்கூடாது. பார்த்து முடித்தவர் பின்புறம் கையெழுத்துப் போட்டால்தான் கழற்றலாம்.

பத்தாவது நாள் சாயங்காலம் இரண்டு குஞ்சுகள் பறந்துவிட்டன. மூன்றாவது மட்டும் கூட்டிலேயே உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலையில் மேஸ்திரி முனீஸ்வரன் வந்து சிமெண்ட்டுக் கலவையும் குழைத்துவிட்டார். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பேச்சியம்மாள் ஏற்கெனவே ஷெட்டுக்குப் போயிருந்தாள். பிரவீனா லேப்டாப்பை ஜெயம்மா மடியில் வைத்தாள். “ஆன்ட்டி, டேக் இருக்கிறவரைக்கும் யாரையும் கைவைக்க விடாதீங்க.” உதட்டோரம் பேஸ்ட் நுரையோடு ஓடினாள். அன்று ஒவ்வொரு டிரேயையும் மூன்று தரம் எண்ணியதாகப் பிறகு அக்காவிடம் சொன்னாள்.

நாலு மணிக்கு அக்காவும் தங்கையும் ஒன்றாகத் தெருவுக்குள் நுழைந்தபோது, ஜெயம்மா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

“பதினொண்ணே கால்! உன் சூப்பர்வைசர் வெளியே ஒயர் மேல நின்னு ஒரே கத்தல். இந்தக் குஞ்சு எட்டிப் பார்க்கறது, பின்னால போறது. அப்புறம் ஒரே தாவு! நான் பார்த்தேன்மா, இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்!”

“ஒரு குருவிக்கோசரம் ஒரு சட்டி கலவை கல்லாப்போச்சு” என்றார் முனீஸ்வரன். “கைவைக்கப் போனா, டேக் இருக்கு டேக் இருக்குன்னு விரட்டறாங்க.”

பிரவீனா முதலில் லேப்டாப்பைக் கையில் வாங்கினாள். திரையைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள். கூட்டில் ஒரு சாம்பல் இறகுதான் கிடந்தது. வெளியே வந்து மஞ்சள் டேக்கை அவிழ்த்துத் திருப்பிச் சுவரில் வைத்தாள். தேதி எழுதினாள். பதினொன்றே கால் என்று நேரமும் எழுதினாள்.

“இப்பவாச்சும் பூசலாமா?” என்றார் முனீஸ்வரன்.

‘பார்த்தவர்’ என்று எழுதிய இடத்துக்கு வந்ததும் பிரவீனாவின் பேனா நின்றது. அந்த இடத்தில் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு, பேனாவை ஜெயம்மாவிடம் நீட்டினாள்.