ஆளில்லாத ஆறு

புனேயில் தாபோடிக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்திலேயே முளா ஆற்றின் பனிமூட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. விடியும் நேரத்தில் ஆறே தெரியாது. வெயில் ஏறினாலோ சாக்கடை வரைக்கும் எல்லாம் தெரிந்துவிடும். அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஞாயிறுதோறும் கணவரை எழுப்பி ஸ்கூட்டரைக் கிளப்பச் சொல்வேன். நாங்கள் கோயமுத்தூர்ப் பக்கம். புனேயின் டிசம்பர் அவருக்கு இமயமலைதான். குரங்குக் குல்லாயைக் கழற்றவே மாட்டார்.

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. கேமரா ஸ்டாண்டை ஊன்றியதுமே, பாலத்தடியில் இன்னும் நன்றாக இருக்குமோ என்று தோன்றும். தூக்கிக்கொண்டு ஓடுவேன். போய்ச் சேர்வதற்குள் அங்கே மூட்டம் கலைந்திருக்கும். விட்டுவந்த இடத்தில் அடர்ந்திருக்கும். இப்படியே சில குளிர்காலங்கள் போயின.

ஒரு ஜனவரியில் அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. மிச்சம் இரண்டு ஞாயிறுகள். சென்னையில் பனிமூட்டத்துக்கு எங்கே போவேன்? முதல் ஞாயிறு ஒரு ஃபிலிம் சுருளையே தீர்த்துவிடுவது என்று போனேன். மூட்டம் கெட்டியாக இறங்கியிருந்தது. கடைசிப் படத்துக்குக் குனிந்தபோது, குளிருக்கு நடந்துகொண்டிருந்த இவர் நேராகத் தண்ணீரோரம் போய் நின்றார்.

“ஏனுங்க, நகருங்க! நடுவுல நிக்கறீங்க!” கத்திக்கொண்டே அழுத்திவிட்டேன்.

கேம்ப் கடைத்தெருவில் இருந்த ஃபோட்டோ லேபில் கவரைப் பிரித்தால் ஒரே ஒரு பிரிண்ட், இவர் நிற்கும் அந்தப் படம். வீணாய்ப்போனவற்றை அவர்களே ஒதுக்கிவிடுகிற காலம் அது. கடைக்காரர் நெகடிவைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

“மேடம், இஸ்மே தோ குச் நஹீ ஹை.”

ஒன்றுமே இல்லையாம்! இத்தனை காலம் நான் காத்திருந்ததே அந்த ஒன்றுமில்லாததற்குத்தான். சண்டை போட்டு எல்லாவற்றையும் பிரிண்ட் போட வைத்தேன்.

வீட்டில் பரப்பிப் பார்த்தேன். வெறும் சாம்பல் காகிதங்கள். ஆறு எது, வானம் எது என்று எனக்கே தெரியவில்லை. இவர் நின்ற படத்தில் மட்டும் ஆறு ஆறாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே அவர் மூட்டத்தில் கரைந்திருந்தார். ஆனால் நான் கத்திய கத்தலில் கேமரா ஆடி, படம் கலங்கிப் போயிருந்தது.

“நான் இல்லீன்னா உன்ற ஆத்துல என்ன இருக்குது?” என்றார்.

எரிச்சல் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

மறு ஞாயிறு, மூட்டை கட்டிக் கிடந்த சாமான்களுக்கு நடுவிலிருந்து அவரை எழுப்பிக் கூட்டிப்போனேன்.

“போய் அங்கயே நில்லுங்க. நகரக் கூடாது.”

ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு போய் நின்றார். நானும் ஸ்டாண்டை ஊன்றினேன்; அன்றைக்கு ஓரடிகூட நகர்த்தவில்லை.

கிழக்கு வெளுத்தது. ஆற்றில் பேருக்குக்கூட மூட்டம் இல்லை. அக்கரை, பாலம், சாக்கடை, குல்லாயோடு இவர், எல்லாமே பளிச்சென்று தெரிந்தன.

“எடுத்துட்டியா?” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க” என்றேன்.