மேட்டிலும் நாலாவது கியர்

டீசல் பங்கில் அவள் கணவனுக்கு "சொட்டு" என்று பெயர். போட்டு முடித்த பிறகும் குழாயை எடுக்க விடமாட்டான். "உதறுப்பா, இன்னும் உள்ள நிக்குது" என்று கடைசிச் சொட்டு விழும்வரை பக்கத்திலேயே நிற்பான். பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தால், "அவசரம்னா பறந்து போ" என்பான். பங்குக்காரப் பையன்கள் தூரத்திலேயே அந்தப் பழைய பிக்கப்பைப் பார்த்துவிட்டு, "சொட்டு வர்றாருடா, குழாயைப் பிழிய ஆள் ரெடியா?" என்று சிரிப்பார்கள். அவளுக்கும் சிரிப்பு வரும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

அவர்கள் தொழில் பொக்லைன் ஏற்றிப் போவது. சின்ன பொக்லைன்தான், ஆனால் அதுவும் அதைச் சுமக்கும் ட்ரெய்லரும் சேர்ந்தால் பிக்கப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை. பொக்லைன்காரர் ஒருவர் தன் இயந்திரத்தை வேலை நடக்கும் இடங்களுக்குக் கொண்டுபோக இவர்களைத்தான் நம்பியிருந்தார். கட்டடம் எழும்பும் இடங்களில் ட்ரெய்லரைப் பின்னால் எடுப்பது பெரிய பாடு. கீழே நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று அவளையும் கூட்டிப் போகத் தொடங்கினான். "ஒடி, ஒடி, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருநாள், "நீங்க இறங்கிச் சொல்லுங்க, நான் எடுக்கறேன்" என்றாள். ஒரே மூச்சில் எடுத்தும் விட்டாள். அதிலிருந்து ஓட்டவும் கற்றுக்கொண்டாள்.

அவன் கற்றுக்கொடுத்ததில் பாதி, டீசலைப் பற்றித்தான்.

"டீசலைக் குடிக்கறது இன்ஜின் இல்ல, டிரைவரோட கால்" என்பான். பின்னால் எதுவும் மாட்டாமல் ஓடினால் அந்த வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தரும். ட்ரெய்லரை மாட்டிவிட்டால் அதில் பாதிகூட வராது என்றுதான் மற்ற டிரைவர்கள் புலம்புவார்கள். இவன் மட்டும் ஏழு எடுப்பான். அதில் அவனுக்கு இருந்த பெருமை, சிலருக்குப் பிள்ளை படிப்பதில் இருக்கும் பெருமை. கல்குவாரிக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட மேடு. எந்த வேலைக்குப் போனாலும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். மற்றவர்கள் அங்கே மூன்றாவது கியருக்கும் இரண்டாவதற்கும் இறங்குவார்கள். இவன் நாலாவதிலேயே ஏற்றுவான். வண்டி முக்கும், முனகும், ஸ்டியரிங் நடுங்கும். "கியரைக் குறைச்சா சத்தம் ஏறும். சத்தம் அத்தனையும் டீசல்" என்று பல்லைக் கடித்தபடி உச்சிவரை கொண்டுபோய்விடுவான். மேலே போனதும் அவளைத் திரும்பிப் பார்ப்பான். அவள் ஏதாவது சொல்லவேண்டும். "சரி சரி, நீங்க பெரிய ஆளுதான்" என்பாள்.

ஒரு காலை, ட்ரெய்லரில் சங்கிலியை இறுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, அவன் பேசுவது அவளுக்கு மட்டும்தான் புரிந்தது.

"வண்டி சும்மா நிக்கக் கூடாது" என்றான் குழறிக்கொண்டே.

"நிக்காது. நான் இருக்கேன்ல."

பொக்லைன்காரர் முதலில் தயங்கினார். ஒரு நடை கூடவே வந்து பார்த்தார். அதற்குப் பிறகு வேலையை அவளிடமே விட்டுவிட்டார். காலையில் அவனைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாடு ஊட்டி, கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீரை வைத்துவிட்டுக் கிளம்புவாள். அவள் இல்லாத நேரத்தில் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகினான். சாயங்காலம் வந்ததும் அதைச் செய்து காட்டுவான். பிறகு கேட்பான்:

"இன்னிக்கு எவ்ளோ குடுத்துச்சு?"

"ஆறு."

"ஆறா?" முகம் சுருங்கும். "மேட்டுல மூணுக்கு இறக்கினியா?"

"கொஞ்சம் திணறுச்சு. அதான்..."

"திணறட்டும். ஏறிடும். நான் ஏத்தலையா?"

அடுத்த நாளிலிருந்து நாலாவதிலேயே ஏற்றினாள். மாதம் மாறியது, ஆறு ஐந்தரையானது. மழைக்காலம் வந்தபோது ஐந்துக்கும் கீழே போயிற்று. அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். காற்று உள்ளே வந்தால் வண்டி பின்னுக்கு இழுக்கும் என்று வேகாத வெயிலிலும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினாள். ஏசியைத் தொடுவதே இல்லை. டயர்களில் காற்றைக் கல் மாதிரி ஏற்றினாள். வண்டியில் கிடந்த கனமான சாமான்களை எல்லாம் வீட்டில் இறக்கினாள். மிதி நன்றாகத் தெரியட்டும் என்று செருப்பைக் கழற்றி வைத்து வெறுங்காலால் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் அவள் ஊர்ந்து போவதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் கண்டபடி திட்டிக்கொண்டு தாண்டிப் போனார்கள். எதுவும் பலிக்கவில்லை. வருகிற காசு டீசலுக்கே சரியாய்ப் போயிற்று. தன் கால்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. வேலை முடிந்து வரும்போது, வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு, உள்ளே போக மனமில்லாமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

"நாலே கால்" என்று அவள் சொன்ன சாயங்காலம், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

"வேலை முடிஞ்சு எங்க சுத்திட்டு வர்ற?"

"என்ன கேட்டீங்க?"

"டீசல் எங்கயாவது போகணும்ல. ஒண்ணு விக்கற. இல்ல, எங்கயோ போய்ட்டு வர்ற."

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. அவன் வாயோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்தாள். "நாளைக்கு நீங்களும் வர்றீங்க" என்றாள்.

மறுநாள் பொக்லைன்காரரும் அவளுமாக அவனைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார்கள். "வாங்கண்ணே, இன்னிக்கு முதலாளியே நேர்ல வந்துட்டார்" என்றார் அவர். அவன் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு களை வந்தது. சாலையில் போகும்போது எல்லாவற்றையும் பார்த்தான். புதிதாக வந்த கடை, வெட்டப்பட்ட மரம், மாற்றி வைத்த பெயர்ப்பலகை. "மெதுவா... ஆமா... இப்ப விடு" என்று அவள் காலுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே வந்தான். அவளுக்குக்கூட, பழைய நாள் திரும்பி வந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் தோன்றிவிட்டது.

மேட்டடியில் அவள் கை தானாக மூன்றாவதற்குப் போனது.

"நாலு" என்றான்.

நாலில் போட்டாள். கால்வாசி ஏறியதும் வண்டி உதறத் தொடங்கியது. பின்னால் ட்ரெய்லர் முழு எடையோடு தொங்கியது. கண்ணாடியில் பார்த்தால் நீலமாய்ப் புகை, அதற்குப் பின்னால் சாலையே தெரியவில்லை. அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நிறுத்து."

"மேட்டுலயா? உருண்டுடும்ங்க."

"நிறுத்து. கல்லைப் போடு."

ஓரமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்தாள். இன்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறக்கச் சொன்னான். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றச் சொன்னான். கழற்றியதும் கெண்டியின் மூக்கிலிருந்து ஆவி வருவதுபோல அந்த ஓட்டையிலிருந்து புகை வந்தது. சூடான ஆயில் அவள் மணிக்கட்டில் தெறித்தது.

"புகை வருதா?" உள்ளேயிருந்து குரல்.

"வருது."

"குப்பு குப்புன்னு வருதா?"

"ஆமா."

"மூடிடு."

அவள் வந்து உட்கார்ந்த பிறகு, அவளைப் பார்க்காமலே, "உன் கால் இல்ல" என்றான்.

அத்தனை மாதங்களாக இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். அவன் சொன்ன அந்தக் கணத்தில் அவளுக்கு உடம்பே லேசானது. மூடி வழியாக அப்படிப் புகை வந்தால் இன்ஜின் போய்விட்டது என்று தெரிந்தும் தனக்குச் சந்தோஷமாக இருக்கிறதே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

பொக்லைனை எப்படியோ இறக்கிக் கொடுத்துவிட்டு, நெடுஞ்சாலையோரம் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஷெட்டுக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனாள். மெக்கானிக்குக்கு அவர்களைத் தெரியாது. அவன் ஒவ்வொரு சிலிண்டரிலும் கருவியை மாட்டி அழுத்தம் பார்த்தான். பழந்துணியில் கையைத் துடைத்தபடி ஜன்னலருகே வந்தான்.

"ரிங்கெல்லாம் தேஞ்சு போச்சு. பிஸ்டனும் சுகமில்ல. இதைப் பிரிச்சு வேலை பார்க்கறதுக்கு வேற இன்ஜினே வாங்கிடலாம்."

"எதனால?" என்று அவளே கேட்டாள்.

"இவ்ளோ வெயிட்டை இழுத்துட்டு மேட்டுல பெரிய கியர்லயே முக்க வச்சா வேற என்ன ஆகும்? சுத்தாத இன்ஜின் சூட்டைத்தான் தின்னும். மைலேஜ் மைலேஜ்னு யாரோ பல வருஷமா வண்டியை வதைச்சிருக்காங்க. யாரு ஓட்டறது?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தான்."

"தப்பா நினைக்காதீங்கக்கா. நாலு சொட்டு டீசலை மிச்சம் பிடிக்கப் பார்த்து இன்ஜினையே முடிச்சுட்டீங்க. மேட்டுல கியரைக் குறைக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

பக்கத்து சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் வலது கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். மெக்கானிக்குக்குப் புரியவில்லை. "அண்ணன் என்ன சொல்றாரு?"

"நான்" என்றுதான் அவன் சொன்னான். இரண்டாவது முறையும் சொன்னான்.

"ஒண்ணுமில்ல. தண்ணி கேக்கறாரு" என்றாள்.

அதோடு தொழில் போயிற்று. வேறு இன்ஜின் வாங்க வழியில்லை. பொக்லைன்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் வேலை ஓடவேண்டுமே. வேறு பிக்கப் பார்த்துக்கொண்டார். ட்ரெய்லரையும் அவரே எடுத்துக்கொண்டார். பிக்கப் வாசலில் நின்று துருப்பிடித்தது. பிறகு பழைய இரும்புக்காரன் வந்து கட்டி இழுத்துப் போனான். கணவன் ஜன்னலோரம் படுத்திருந்தான். எழுந்து பார்க்கவில்லை.

கம்பியைப் பிடித்து நிற்பதை அவன் அந்த மேட்டுக்குப் போய்வந்த நாளிலேயே விட்டுவிட்டான். அவளிடம் எதுவும் கேட்பதும் இல்லை. அவள் ஏதாவது கேட்டால், ஒரு சொல்லில் பதில். அவள் பாட்டில் கழுவும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஈரத்தில் நின்றுநின்று கால் வெளுத்துப்போய்த் திரும்புவாள். திட்டினால்கூடப் பரவாயில்லை, யாராவது பேசினால் போதும் என்று இருக்கும்.

ஒருநாள் அவன் தொடர்ந்து வாயை மூடிக்கொண்டு சாப்பிட மறுத்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"ஆமா, நீங்கதான் கெடுத்தீங்க. வண்டியைக் கெடுத்தது நீங்க, பழி மட்டும் எனக்கு. இதைத்தானே நான் சொல்லணும்? சொல்லிட்டேன். போதுமா? இப்பவாவது சாப்பிடுங்க."

சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். மெதுவாக, ஒப்புக்கொண்டு. வாயைத் திறந்தான். அவள் ஊட்டினாள், அவன் விழுங்கினான். கிண்ணம் காலியாகும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பிறகு எத்தனையோ தடவை முயன்றாள். "கோவத்துல சொன்னதுங்க, வண்டின்னா தேயத்தான் செய்யும்" என்பாள். "ம்" என்பான். அவ்வளவுதான்.

உடம்பு தேறுவதற்கு இன்னும் இடம் இருக்கிறது, அவர்தான் முயற்சி செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். அவள் தலையாட்டிவிட்டு வருகிறாள்.

சென்ற வாரம் வேலை முடிந்து பஸ்ஸில் வந்தவள், இறங்கவேண்டிய இடத்தில் எழுந்திருக்கவில்லை. தூங்கவில்லை, மறக்கவும் இல்லை. வீட்டு முனை வந்ததைப் பார்த்தாள், கடந்து போனதையும் பார்த்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து, "அம்மா, இதுக்கு மேல பஸ் போகாது" என்றார்.

"தெரியும்" என்றாள்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். யாரையும் தெரியாத தெரு. ஒருத்தி மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அதே பஸ் திரும்பிப் புறப்பட்டபோது ஏறி, சீட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில், காலையில் அவள் விட்டுப்போன இடத்திலேயே அவன் கிடந்தான். படுக்கை நனைந்திருந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு, அவனை ஒரு பக்கமாகப் புரட்டி, நனைந்த விரிப்பை உருவினாள்.