ஒரே தாய்மாமா

இங்கே கோபம் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. தென்காசியில் ஒருவருக்கு நம்மேல் கோபம் என்றால் அடுத்த தெருவுக்கும் கேட்டுவிடும். இங்கிலாந்தில் "உங்களுக்கு வசதிப்பட்டால் ஒரு சிறு உரையாடல்" என்று மின்னஞ்சல் வந்தால்தான் பயப்பட வேண்டும். சென்ற திங்கட்கிழமை அப்படி ஒன்று வந்தது. எனக்கும், என்னோடு சுற்றுலா மேலாண்மை படிக்கும், எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சுரண்டை இசக்கிக்கும்.

அசைன்மென்ட் விவகாரம். யார், எங்கே, எப்போது சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் ரெஃபரன்ஸ் கொடுப்பது இங்கே வேதவாக்கு. முதல் பருவத்தில் அதைக் கோட்டைவிட்டு மதிப்பெண் இழந்தவள் நான். அதனால் குற்றாலத்து வெள்ளத்தைப் பற்றிய இந்தக் கட்டுரையில் ஒரு வரியையும் ஆதாரமில்லாமல் விடவில்லை. மெயின் அருவிப் பக்கம், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் கடை வைத்திருக்கும் என் தாய்மாமாவையே போனில் பேட்டி எடுத்தேன். "தண்ணி செவந்து சருகு வந்துட்டுன்னா, போலீஸ் விசில் அடிக்க முன்னாடியே நான் கடைய எடுத்திருவேன்" என்றார். பெயர், ஊர், தேதியோடு சேர்த்தேன். பெருமையாக இருந்தது.

கெடுவுக்கு முந்தின நாள் இசக்கி வந்தான். "அக்கா, வேலைக்குப் போயே பொழுது போயிட்டு, ஒண்ணும் எழுதல. ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்." கொடுத்தேன். ஊரில் எங்கள் கல்லூரியில் ரெக்கார்டு நோட்டை ஒருத்தி எழுதுவாள், பெஞ்சு முழுக்க அதைப் பார்த்து எழுதும். எல்லாவற்றிலும் ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். கேட்டவளுக்கு நோட்டு தராதவளோடு யாரும் சேர்ந்து சாப்பிட மாட்டோம். பாத்துட்டுத் தாரேன் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாததல்ல.

விசாரணை அறையில் ஹெலன் என்ற அதிகாரி முதலில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்தார். இசக்கி வாக்கியங்களை மாற்றியிருந்தான், மாமாவை மாற்றவில்லை.

"இருவரும் 'என் தாய்மாமா' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உடன்பிறந்தவர்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வரும் சிரிப்பு. நான் சிரித்ததை அவர் குறித்துக்கொண்டார். கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் ஒரே தண்டனை, படிப்பு போனால் விசாவும் போகும், எனக்குத் தெரியாமல் அவன் எடுத்திருந்தால் மட்டும் நான் தப்பலாம் என்று மெதுவாக விளக்கினார். நடந்ததை இருவரும் தனித்தனியாக வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் இசக்கி சொன்னான்: "நீங்க பாக்காதப்ப லேப்டாப்ல இருந்து எடுத்துட்டேன்னு எழுதிருங்கக்கா. ரெண்டு பேரும் போவதுக்கு நான் மட்டும் போயிருதேன்."

வேண்டாம்லே என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த விளக்கப் படிவத்தைத் திறந்து வைத்திருந்தபோது அம்மா கூப்பிட்டாள். "ஏட்டி, இசக்கி அம்மா சுரண்டையில இருந்து வந்திருக்காவ. நீ அங்கன இருக்க தைரியத்துலதான் பிள்ளைய அனுப்பினேன்னு சொல்லுதாவ. இந்தா, பேசு."

அந்த அம்மா பேசத் தொடங்கினார். மகன் சாப்பிடுகிறானா, குளிருக்குப் போர்த்துகிறானா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பேசிக்கொண்டே, பஸ் நிறுத்தத்தில் இசக்கி சொன்னதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் எழுதி முடித்தேன். அடியில் அச்சிட்ட வரி ஒன்று இருந்தது: 'இது முழுக்க என் சொந்தச் சொற்கள், வேறு எவரிடமிருந்தும் எடுக்கவில்லை.' அதன்கீழ் கையெழுத்துப் போட்டேன்.

"நீ நல்லா இருப்ப தாயி" என்றார் இசக்கியின் அம்மா.