பிள்ளையை இறக்கிவிட ஒரு தரை

அறுபதுகளின் நடுவில், தாராவியின் கடைசி வரிசையில் எங்களுக்கென்று ஒரு குடிசை அமைந்தது. பின்சுவரைத் தாண்டினால் உப்பங்கழி. அங்கே அதைக் காடி என்பார்கள். எங்கள் வீடு நின்ற இடமும் முன்பு காடிதான். தோல் துண்டு, மரத்தூள், உடைந்த பானை, சாம்பல் என்று கிடைத்ததையெல்லாம் கொட்டி, மிதித்து மேடாக்கி, அதன்மேல் தகரக் குடிசை போட்டிருந்தோம். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

வீட்டுக்குள் நண்டு வரும். அமாவாசை, பௌர்ணமிக்குத் தண்ணீர் ஏறினால் தரையில் புதிதாக வளை விழும். கல் வைத்து அடைத்தால் கல்லுக்குப் பக்கத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கும். என் மகன் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். ஒரு கண் அடுப்பில், ஒரு கண் அவன் விரலில் என்று இருந்தேன். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை லாத்தா என்று கூப்பிடுவேன். அவரிடம் சொல்லி அலுத்துக்கொண்டபோது சிரித்தார்.

"நண்டு ஒன்னயப் பாக்கவா வருது? அது வீட்டுக்கு அது வருது. நாமல்லா அது தலமேல ஏறி உக்காந்திருக்கோம்."

என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை. தோலிலிருந்து முடி கழல்வதற்காகச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவார்கள். அந்தக் குழியின் அடிச் சேற்றை டின் டின்னாகக் கொண்டுவந்து வளைகளில் ஊற்றினார். மீதியைத் தரை முழுக்கப் பரப்பி இடித்துக் கெட்டிப்படுத்தினார். நண்டுகள் வெளியே வந்தன. வெள்ளை ஒட்டிய காலோடு சுவர் ஓரமாகவே வழி தேடிப் போய், அங்கேயே சுற்றிச் சுற்றி, பிறகு அசையவில்லை. இனி ஒற்றை நண்டு வராது என்றார் அவர். வரவும் இல்லை.

தரை பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிள்ளையை இறக்கிவிட்டேன். சாயங்காலம் அவன் உள்ளங்கையும் முட்டியும் சிவந்து தோல் உரிந்திருந்தன. அதற்குப் பிறகு அவனைக் கீழே விடவில்லை. சோறு வடிக்கும்போதும் இடுப்பில், குழாயடிக்குப் போனாலும் இடுப்பில். பாயில் விட்டால் உருண்டு வெளியே போய்விடுவான். தவழ வேண்டிய பிள்ளை. நாளெல்லாம் நெளிவான், தரையைப் பார்த்துக் கை நீட்டுவான்.

"ஏளா, பிள்ளைய எறக்கி உடு. இடுப்புலயே வச்சிருந்தா அதுக்குக் காலு எப்பம் ஊனும்?" என்று எங்களோடு இருந்த மாமி, வீட்டுக்காரரின் அம்மா, நாள் தவறாமல் சொல்வார்.

மாமியிடம் எதிர்ப்பேச்சுப் பேச எனக்கு வராது. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்குமாக நடப்பேன். உட்கார முடியாது. நடக்க நடக்க மனசில் ஏதேதோ ஓடும். நண்டு தன் உடம்பு நுழைகிற அளவுக்குத்தான் வளை தோண்டுகிறது. அது இருந்த தரையில் என் பிள்ளை தவழ்ந்தான். நாங்கள் சரிசெய்த தரையில் அவனை விட முடியவில்லை. எந்த உயிராவது தன் குஞ்சு கால் வைக்க முடியாதபடி கூடு கட்டுமா?

மழை பிடித்ததும் தரை வேர்த்தது. வெள்ளைத் தண்ணீர் கசிந்து மாமியின் பாதத்திலும் எரிச்சல் கண்டது. அன்றைக்கு வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தபோது நானே வாயைத் திறந்தேன்.

"மாட்டுத் தோல்லயிருந்து முடிய எடுக்கற சுண்ணாம்பு அது. இது பிள்ளத் தோலு."

அவர் வெடித்துப்போன தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்ட ஒரு நாள், மண்வெட்டி வாங்கி வந்து தரை முழுவதையும் கொத்தி எடுத்தார்.

வெள்ளைச் சேறு நிறைந்த டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். சந்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கொட்ட வேறு இடம் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பின்சுவரைச் சுற்றிப் போய்க் காடியில் கவிழ்த்தார்.

நானும் பிள்ளையோடு பின்னாலேயே போனேன். தண்ணீரில் வெள்ளை மெல்லப் பரவிச் சேற்றுத் திட்டுவரை போனது. திட்டில் நண்டுகள் கூட்டமாக நின்றன. மகன் அவற்றைக் கண்டு இறங்கத் துள்ளினான். நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.