அமெரிக்கச் சட்டமும் எங்கள் ஏழாம் விதியும்

மலாயாவில் லாபிஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அதன் பக்கவாட்டு அறைதான் எங்கள் வாசகசாலை. இரண்டு அலமாரி, ஒரு நீள பெஞ்சு, சிங்கப்பூரிலிருந்து தாமதமாக வந்து சேரும் பத்திரிகைகள். பக்கத்து ரப்பர் பால்மரத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தேன், வாசகசாலைக்குக் காரியதரிசி. அதன் ஒன்பது விதிகளையும் ஒரே தாளில், ஒரே இருப்பில் எழுதியவன் நானே. அந்தப் பெருமை எனக்கு நெடுநாள் இருந்தது.

நான் சொல்லப்போவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பின்பாதியில் நடந்தது. எந்த ஆண்டு என்று என் நாட்குறிப்பின் அட்டையில் இருந்தது. அட்டையை மட்டும் கரையான் தின்றுவிட்டது. உள்ளே கிழமைகள் பத்திரமாக இருப்பதால் அவற்றுக்கு நான் பொறுப்பு.

எங்கள் தலைவர் எதிரே இருந்த ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். வண்டி தாமதமானால்கூடக் காரணத்தை எழுத்தில் கேட்பவர். மூன்றாவது ஆள் கடைக்காரர். ராமநாதபுரத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்தவர். அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் அவரை அப்படியே அழைத்தோம்.

அந்த ஆண்டு மோட்டார் டயருக்கு ரப்பர் பார்க்க வந்த அமெரிக்கர் ஒருவர் ரயிலில் ஒரு புத்தகப் பெட்டியை மறந்து போனார். மாஸ்டர் அதை விதிப்படி வைத்திருந்து, விதிப்படி அறிவிப்பு ஒட்டி, யாரும் கேட்டு வராதபின் வாசகசாலைக்குக் கொண்டுவந்தார். எல்லாம் இயந்திரப் புத்தகங்கள். ஒன்று மட்டும் அமெரிக்காவில் சட்டம் எங்கெங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பற்றியது. அகராதி துணையோடு இரண்டு மாதம் அதைப் படித்தேன்.

அந்த நாட்டில் சட்டம் ஒரே ஊற்றிலிருந்து வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே அரசியல் சாசனம். அதற்குட்பட்டு மக்கள் சபைகள் இயற்றும் சட்டங்களும் வெளிநாடுகளோடு செய்த உடன்படிக்கைகளும். அவற்றுக்கும் கீழே உத்தியோகஸ்தர்கள் போடும் ஒழுங்குகள். இதுபோக ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சாசனம், தனிச் சட்டம். எழுதிய சட்டம் பேசாத இடத்தில் நீதிபதிகளின் பழைய தீர்ப்புகள் பேசும். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த வழக்கங்களும் அந்தத் தீர்ப்புகளுக்குள்ளே இருக்கும். கீழ்ப்படி மேல்படியோடு மோதினால் மேல்படியே நிற்கும். இதை நான் ஒரு ஏணியாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டினேன்.

"கிராணி, உங்க அமெரிக்காவுல தேத்தண்ணி குடிப்பாங்களா, இல்ல சட்டத்தையே கலக்கிக் குடிப்பாங்களா?" என்றார் காக்கா.

அந்த ஏணிக்கு வேலை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். தமிழ் நன்றாக வாசிப்பாள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவாள். பெரிய டாக்டர் அவளை மருத்துவச்சிப் பரீட்சைக்கு எழுதிக்கொடுத்திருந்தார். ஜோகூர் பாருவில் பரீட்சை. ஆறு வாரம் இருந்தது. தேறினால் மருத்துவச்சி. தவறினால் கட்டுத்துணிதான், ஏனென்றால் டாக்டர் இன்னொரு முறை எழுதிக்கொடுக்கப் போவதில்லை. பாடமெல்லாம் இங்கிலீஷ் வார்த்தைகளாக இருந்தன. எங்களிடம் ஒரு இங்கிலீஷ்-தமிழ் மருத்துவ அகராதி இருப்பதாக யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"புத்தகம் உறுப்பினருக்கு மட்டும்தான், பிள்ளை" என்றார் மாஸ்டர்.

"அப்ப என்னை உறுப்பினர் ஆக்கிடுங்க ஐயா."

"பொம்பிளையள் இஞ்ச சேருறது வழக்கமில்லை."

"வழக்கமில்லையா, விதியில இல்லையா?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த ஏணியைப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு கூடி முடிவு சொல்வதாக அவளை அனுப்பினோம். அவளுடைய ஆறு வாரத்தில் ஒன்றை அப்படி நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு பகல் மூவரும் விதித்தாளை விரித்து உட்கார்ந்தோம். மூன்றாம் விதி: "தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் உறுப்பினராகலாம்."

"ஒருவர்னா ஆணும் ஆகும், பெண்ணும் ஆகும்" என்றேன்.

"இஞ்ச பாருங்கோ கிராணியார். அது மரியாதைக்குச் சொல்லுறது. ராசாவையும் அவர் எண்டுதான் சொல்லுறம். அதுக்காக ராசா பொம்பிளையோ? ஏழாம் விதியை வாசியுங்கோ."

வாசித்தேன். "புத்தகம் எடுத்துச் செல்பவன் பதினான்கு நாளில் அதைத் திருப்பித் தரவேண்டும்."

"செல்பவன்" என்றார் மாஸ்டர், ஒவ்வொரு எழுத்தாக. "எழுதினது நான் இல்லை."

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் விதியை எழுதும்போது, சேர வரப்போகிறவர்களை மனத்தில் வைத்து மரியாதையாக 'ர்' போட்டேன். ஏழாம் விதிக்கு வருவதற்குள், புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள் நினைவுக்கு வந்துவிட்டார்கள். வாசகசாலை அப்போது தொடங்கவே இல்லை. ஆனாலும் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தில் 'ன்' விழுந்துவிட்டது.

ஏணியும் உதவவில்லை. இரண்டு விதியும் ஒரே தாளில், ஒரே படியில் நின்றன. எது எதை வெல்லும்? நான் பழைய தீர்ப்புக்குத் தாவினேன்.

"காக்காவைச் சேர்த்தோமே, நினைவிருக்கா?"

காக்காவுக்கு நம் எழுத்து வராது. ஆனால் அரபு எழுத்தில் எழுதிய தமிழைக் கடகடவென்று வாசிப்பார். 'தமிழ் வாசிக்கத் தெரிந்த' என்று இருக்கிறதே தவிர எந்த எழுத்தில் என்று இல்லை என்று அன்றைக்கு மூன்றாம் விதிக்கு விரிவாகப் பொருள் சொல்லி அவரைச் சேர்த்தோம். அப்படிப் பொருள் சொன்னவர் மாஸ்டரேதான். நாட்குறிப்பில் இருக்கிறது, ஒரு வெள்ளிக்கிழமை.

"அது எழுத்தைப் பற்றின தீர்ப்பு. ஆளைப் பற்றினதில்லை" என்றார் மாஸ்டர்.

பழைய தீர்ப்பு பிடிக்காதபோது அமெரிக்க வக்கீல்களும் இதே வழியில்தான் நழுவுவார்கள் என்று என் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மகிழ்ந்திருப்பார்.

"எழுத்து வராதவன் நானே உள்ள உட்காந்திருக்கேன்" என்றார் காக்கா. "வாசிக்கிற புள்ள வெளிய நிக்குது. எனக்கு வெக்கமா இருக்கு."

அப்போது மணி நான்கு. அவள் வந்துவிட்டாள். மாஸ்டர் ஏழாம் விதியை அவளிடம் நீட்டி, விரலால் 'ன்'னைத் தொட்டுக் காட்டினார். அவள் நின்றபடியே வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள்.

"எடுத்துச் செல்பவன் பதினாலு நாள்ல குடுக்கணும். அப்படித்தானே ஐயா?"

"ஓம்."

"நான் அவன் இல்லையே. அப்ப அந்தப் பதினாலு நாள் எனக்குக் கிடையாது. பரீட்சை முடியிற வரைக்கும் வெச்சுக்கலாம்."

மாஸ்டர் தாளைத் திரும்ப வாங்கினார்.

"இல்ல, 'அவன்'ல நானும் சேர்த்தின்னு சொன்னீங்கன்னா," என்றாள், "எடுத்துட்டுப் போறதுலயும் நான் சேர்த்திதான். ஐயா எது சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

காக்கா கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "மாஸ்டர், ரெண்டு தண்டவாளத்துலயும் வண்டி வந்துருச்சு."

மாஸ்டர் நேர்மையான மனிதர். தாளை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "மூன்றாம் விதிப்படி சேர்க்கலாம். ஏழாம் விதி இவவுக்குப் பொருந்தாது. அப்படியே எழுதுங்கோ" என்றார். எழுதினேன். எங்கள் வாசகசாலையின் இரண்டாவது தீர்ப்பு அது.

அகராதியை எடுக்க அலமாரியைத் திறந்தேன். இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இடைவெளி மட்டும் இருந்தது. பதிவேட்டைப் புரட்டினேன். எடுத்துச் சென்றவர் தலைவர், அவரே பதிந்திருந்தார். பதினான்கு நாள் எப்போதோ கழிந்து, ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவருக்கு இருமல் வந்தாலும் ஏப்பம் வந்தாலும் அகராதியில் தேடிப் பார்த்துக் கவலைப்படும் பழக்கம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். அது எங்கள் அகராதி என்பதுதான் தெரியாது.

நான் பதிவேட்டை மாஸ்டர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"உங்கட அமெரிக்காவில," என்றார் மாஸ்டர் கடைசியில், "ஜனாதிபதிக்கும் சட்டம் உண்டோ?"

"உண்டுன்னு போட்டிருக்கு."

அவர் எழுந்து குடையை விரித்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்து குவார்ட்டர்ஸுக்குப் போனார். மழையில்லை. திரும்பி வரும்போது குடை மடங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து அகராதியை எடுத்தார். 'காசம்' என்று பொருள் போட்டிருந்த பக்கத்தில் ஒரு ரயில் சீட்டு அடையாளமாக இருந்தது. அதை உருவிக்கொண்டு புத்தகத்தை அவளிடம் கொடுத்தார். "பிள்ளை, நல்லாப் படி" என்றார்.

ஐந்து வாரம் அகராதி தோட்டத்தில் இருந்தது. ஏழாம் விதியைத் திருத்த நான் பொதுக்கூட்டம் கூட்டினேன். திருத்தத்துக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பது எட்டாம் விதி. ஐந்து பேர் வந்தோம். மறுமுறை நான்கு பேர். அமெரிக்கர்களுக்கும் சாசனத்தைத் திருத்துவது கடினம் என்று படித்து ஆறுதல் அடைந்தேன்.

பரீட்சை ஒரு திங்கட்கிழமை. அவள் புத்தகத்தை வைத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் திரும்பியவள், இறங்குகிறவர்களிடம் சீட்டு வாங்க நிலைய வாசலில் நின்ற மாஸ்டரிடமே அதைக் கொடுத்துவிட்டுப் போனாள். முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மாதமும் தபால் வண்டி வரும்போதெல்லாம், ஆஸ்பத்திரிக்கு ஏதாவது உண்டா என்று மாஸ்டர் பையை முதலில் பார்த்தார். அது அவருடைய வேலையில்லை. ஒரு வியாழக்கிழமை டாக்டர் பெயருக்கு ஒரு நீளக் கவர் வந்தது. பிற்பகலில் அவள் வாசகசாலைக்கு வந்தாள். வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தேறிட்டேன்" என்றாள். காக்கா ஒரு குவளை தேத்தண்ணியைச் சீனி கூடுதலாகப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

மாஸ்டர் பதிவேட்டைக் கேட்டார். அகராதி வந்து சேர்ந்ததை நான் அதில் இன்னும் பதியவில்லை. என் வாழ்க்கையில் நான் பிந்தியது அந்த ஒன்றுதான். கடைசிப் பத்தியின் தலைப்பு 'திருப்பித் தந்தவன்' என்று என் கையெழுத்தில் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த 'ன்'னை அடித்து, மேலே 'ர்' என்று எழுதினார்.

"மாஸ்டர், பொதுக்கூட்டம் இல்லாமத் திருத்த உங்களுக்கு அதிகாரமில்லை" என்றேன்.

"திருத்தேல்லை" என்றார். "இது வழக்கம்."

"எப்ப இருந்து?"

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூண்டு இருபதில இருந்து. நாட்குறிப்பில எழுதி வையுங்கோ."

எழுதி வைத்தேன்.